பதினெட்டாம் வட்டத்து மகாராஜா

காலை 9.40. விருத்தாசலத்தில் பேருந்து மாறி நெய்வேலியில் இறங்கினேன். பையில் எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா அழைப்பிதழ். பழைய ஜமீன் வாரிசு முதலில் வடம் தொட்டால்தான் தேர் நகரும். முந்தைய மகாராஜா காலமாகி இரண்டு வருடம். அன்றிலிருந்து தேர் நிலையிலேயே நிற்கிறது. இப்போது மகாராஜா அவருடைய தம்பிதான்; இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு முறையும் அப்பாதான் வந்து அழைத்தார். காரணம் புரியாமல் வெறுங்கையோடு திரும்பினார். இந்தத் தையில் அப்பா போய்விட்டார். அழைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மகாராஜாவை நாமாகக் கூப்பிடக் கூடாது. அவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். அவர் முன் உட்காரக் கூடாது. விடைபெறும்போது முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடக்க வேண்டும். அப்பா இவற்றைச் சோற்றோடு ஊட்டியிருந்தார்.

நகரியத்தில் அவர் வீடு இருக்கும் பதினெட்டாம் வட்டத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். யார் வீடு என்று சொன்னேன்.

"கன்வேயர்ல இருக்கறவருதானேங்க? நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு வூட்ல தூங்குவாரு. பெல் அடிங்க, எழுந்துக்குவாரு," என்றார் ஓட்டுநர்.

பெல் அடிப்பதா! நல்ல கதை.

10.15. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றேன். கொடியில் மகாராஜாவின் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. 11.30க்கு அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"யாரும்மா, சர்வேக்கு வந்தீங்களா? வெயில்ல நிக்கறீங்களே!"

உள்ளே அழைத்துப்போனார். லுங்கியும் பனியனுமாக அவர் வந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, "மகாராஜா..." என்று ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா."

"உங்க முன்னால உட்காரக் கூடாதுங்க."

"ரெண்டு தடவையும் இதே நாற்காலியப் போட்டேன், உங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு. எழுவது வயசு மனுஷன், முழங்கால் நடுங்க மத்தியானம் வரைக்கும் நின்னாரு. காபியக்கூட நின்னுக்கிட்டேதான் குடிச்சாரு. பெரியவங்கள இப்படி நிக்க வெக்கிற ஊருக்கு நான் எதுக்கு வரணும்? நீ உட்காரு, திருவிழாவுக்கு வரேன்."

ராஜ கட்டளையை மீறக் கூடாது என்பதும் அப்பா சொன்ன விதிதான். உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. அது அப்பாவுக்கு இரண்டு முறை போட்ட நாற்காலி.

அழைப்பிதழை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்துடறேன்."

1.20. சாப்பிட்டுப் புறப்பட்டேன். பழக்கதோஷம், பின்னோக்கியே நடந்து வாசலில் நின்ற ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டேன்.

"அதுலதான் போறோம். ஏறு," என்றார்.

பேருந்து நிலையம் வரை மூன்று கிலோமீட்டர். மரநிழல் விழுந்த நேர்ச் சாலைகளில் மகாராஜா எனக்கு முதுகு காட்டியபடி ஓட்டினார். இதற்கு என்ன விதி என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் முதலில், முறைப்படி நின்றாயா என்றுதான் கேட்பார்கள். உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடப் போகிறேன். தேர் நகரும். கோபித்துக்கொள்ளத்தான் அப்பா இல்லை.