எலக்கரையில் எழுப்பிய சுவர்

கண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். கடைசி ராஜா வயலை மறித்து ஏரி கட்டினார், கரையில் மேகம் போல வளைவு வளைவாகச் சுவர் வைத்தார், நடுவில் தீவு இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகிறது என்பதில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. அது எங்கள் வீட்டுப் பின்பக்கமாகத்தான் போனது. எரிச்சல் வருவதற்கு அதுவே போதும். ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரிய எரிச்சல்.

மெத எல என்று சிங்களத்தில் பெயர். நடுக் கால்வாய் என்று அர்த்தம். நாங்கள் வெறுமனே எல என்போம். ஏரியின் டவுன் பக்கத்து முனையில் வழிந்து, தெருக்களுக்கு அடியில் கல் வளைவுகளுக்குள் நுழைந்து வெளியே வந்து, சந்தைக்குப் பின்னாலும் ஸ்டேஷன் பக்கமாகவும் போய், கெட்டம்பேயில் மகாவலியோடு சேரும். முன்பு வயல்களுக்கு நடுவே ஓடிய சும்மா ஓடைதானாம். வெள்ளைக்காரர்கள் டவுனைப் பெருப்பித்தபோது இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் கட்டி அதை அடக்கினார்கள் என்று வாப்பா சொல்வார். வாப்பா சொன்ன சரித்திரத்தில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. கல்லை எனக்குத் தெரியும். அந்தச் சுவர் நேராக நிற்காது, மேலே வரவரக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்திருக்கும், மண்ணின் பாரத்தைத் தாங்குவதற்காக. சுவரின் தலையில், தண்ணீருக்கும் வீடுகளின் பின்சுவருக்கும் இடையே, ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு கல்வரம்பு ஓடும். முனிசிபல்டி ஆட்கள் எலயைச் சுத்தம் செய்ய வருகிற வழி அது. அவர்கள் காலையிலேயே வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எதிர்க்கரையில் சரக்குக் கிட்டங்கிகளின் முதுகு. அதில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

எங்கள் வீடுகள் நீளமானவை, அகலமில்லாதவை. முன்னால் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டின் வால் முனையில் எலப் பக்கமாக ஒரு சின்னக் கதவு. பெண்கள் முன்பக்கமாகத் தெருவுக்குப் போவதென்றால் கடையைக் கடக்க வேண்டும். கடை நிறைய ஆண்கள். ஆகவே கடையை ஒதுக்கி, ரிக்‌ஷாவைப் படியோடு ஒட்டி நிறுத்தி, சுற்றிலும் சீலை கட்டி, எங்களை மூட்டையைப் போல ஏற்றுவார்கள். அதற்கு முதலில் மாப்பிள்ளையிடம், அதாவது கட்டியவரிடம், கேட்க வேண்டும். அவருக்கு நேரம் இருக்க வேண்டும். மழை பெய்யக்கூடாது.

இந்தக் கூத்தெல்லாம் தேவைப்படாத ஒரு வழி எங்களுக்கு இருந்தது. மதியத்து லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டுக் கடைக்குத் திரும்பியதும், எலப் பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடப்போம். பிள்ளை பெற்றவளைப் பார்க்கவும், கறிக்குப் புளி வாங்கவும், ஒருத்தி வீட்டில் ஒருத்தி தலை பின்னிக்கொள்ளவும், நோன்பு காலத்தில் பலகாரம் மாற்றிக்கொள்ளவும் அதுதான் பாதை. எதிரில் ஆள் வந்தால் ஒருவர் கதவடியில் ஒதுங்க வேண்டும். மாலை அசர் தொழுகைக்குள் எல்லோரும் அவரவர் குசினியில், அடுப்படியில் இருப்போம். எங்கள் வரிசையில் இருந்த எந்த ஆணுக்கும் இது தெரியாது. அந்தக் கதவு கழுவின தண்ணீர் ஊற்றுவதற்கு என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். தங்கள் வீட்டின் பாதியை அறியாமலே அதன் சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

என் உம்மாவின் வீடு அதே வரிசையில் நாலு கடை தள்ளி. பக்கத்திலேயே பெண்ணைக் கட்டிக் கொடுத்ததில் வாப்பாவுக்குப் பெருமை. உம்மாவுக்கு இழுப்பு நோய். பனி விழுகிற மாதங்களில் மூச்சு விசிலடிக்கும். நான் ஒரே பெண். வாப்பாவும் என் அண்ணன்மாரான நானாமார் இருவரும் கடையில் இருப்பார்கள், சமைக்க வருகிற பெண் பகல் சோறு ஆக்கியதும் போய்விடுவாள். பகல் சோற்றுக்குப் பிறகு உம்மாவுக்கு இருந்த ஆள் நான்தான். கல்வரம்பால் போய், நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் கொடுத்து, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வருவேன். படுத்தால் அவருக்கு மூச்சு அடைத்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கிட்டங்கிக்காரர் ஒருவர் எதிர்க்கரைச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். அவ்வளவுதான், எங்கள் ஆண்கள் கொதித்து எழும்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூடிப் பேசினார்கள். முன்னால் நின்றது என் வாப்பா. எலப் பக்கம் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பித் தர வேண்டும், பெண்களின் பர்தாவைக் காக்க வேண்டும் என்று முனிசிபல்டியில் போய்க் கேட்டார்கள்.

சுவர் வருகிறது என்று கேட்டதும் முதலில் எங்களுக்குச் சந்தோஷம். தண்ணீர் ஓரமாகச் சுவர் வந்தால் கல்வரம்பு உள்ளே அடங்கிவிடும், ஜன்னலுக்கும் தெரியாது, மழையிலும் கால் வழுக்கி எலயில் விழ வேண்டியதில்லை என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் கல்லும் சுண்ணாம்பும் எங்கள் கதவடியில் வந்து இறங்கின. வரம்பு முனிசிபல்டிக்குச் சொந்தம், சுத்தம் செய்கிறவர்களுக்கு அது வேண்டும், ஆகவே சுவரை வீடுகளின் பின்சுவரை ஒட்டியே கட்டி, கதவுகளை அடைக்கப் போகிறார்களாம். தண்ணீர் போக அடியில் ஒரு குழாய். எங்கள் ஆண்கள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

வாப்பாவிடம் சொல்லச் சொல்லி நான் உம்மாவிடம் ஓடினேன். "வாப்பாட்ட செல்லுங்களேன் உம்மா. அவருதானே முன்னுக்கு நிக்கிறாரு."

"என்னத்தச் செல்ல?" என்றார் உம்மா, மூச்சுக்கு நடுவே. "செல்லப் போனா, இத்தன வருஷமும் என்னக் கேக்காம எங்கெங்க போனாய் எண்டு கேப்பாரு. எனக்கு மட்டுமா, மகள்? இந்த வரிசைல ஈக்கிற எல்லாப் பொம்புளயளுக்கும் அந்தக் கேள்வி வரும்."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எரிச்சல். ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. அன்று என் கணவர் பகல் சோற்றுக்கு வந்தபோது, எதையும் மறைக்காமல் சொன்னேன். நான் தினமும் எல வழியாகத்தான் உம்மாவைப் பார்க்கப் போகிறேன், கதவை அடைத்தால் அவரைப் பார்க்க ஆள் இல்லை, மற்றப் பெண்களும் அந்த வழியில்தான் போய் வருகிறார்கள் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கறி பரிமாறிக்கொண்டிருந்த தன் உம்மாவைப் பார்த்தார்.

"இது மெய்யா உம்மா? அந்த வழியால பொம்புளயள் போறாங்களா?"

என் மாமியின் மரமிதியடி குசினி வாசலில் கிடந்தது. வரம்புப் பாசி அதில் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. முந்தின நாள் வட்டிலப்பத் தட்டோடு கடைசி வீடுவரை போய்வந்தவர் அவர்.

"எனக்கொண்டும் தெரியா மகன்," என்றார் மாமி. "நான் அந்தப் பக்கம் தல வெச்சும் பாத்ததில்ல."

கணவர் என்னைப் பார்த்தார். எனக்காக வெட்கப்படுகிறவரைப் போல இருந்தது அவர் முகம். "ஒன்ட உம்மாவப் பாக்கத்தானே வேணும்? அதுக்கு இப்படியெல்லாம் பொய் செல்லணுமா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம நான் ரிக்‌ஷா புடிச்சுத் தாரன்."

அப்போது மாமி மீது வந்த கோபம் இன்னும் போகவில்லை. பயந்துதான் சொன்னார் என்று பிற்காலத்தில் பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கும்தான் பயம். நான் பொய் சொல்லவில்லையே.

மேசன்மார் வந்தார்கள். வேலை சுத்தமான வேலை; அதைக் குறை சொல்ல மாட்டேன். கல்லுக்கு மேல் கல் ஏற ஏற, குசினிக்குள் இருந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எலயின் சத்தம் மட்டும் கேட்டது. சுவர் முடிந்த வெள்ளிக்கிழமை வாப்பா வரிசை முழுக்க இனிப்புப் பங்கிட்டார்.

நான் வாரத்துக்கு ஒருமுறை சீலை கட்டிய ரிக்‌ஷாவில் போனேன். ரிக்‌ஷாக்காரர் தண்டைத் தூக்கி, நாலு கடையைக் கடந்து, கீழே வைப்பார். தெருவே பார்த்துச் சிரித்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதில் எங்கள் ஆண்களுக்குத் திருப்தி. மழை பெய்தாலும், கடையில் கூட்டம் இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை. இடையில் உம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "சுகமா ஈக்கிறா" என்று நானா கடை வாசலில் நின்று சொல்லி அனுப்புவார். பகல் முழுவதும் கடையில் நிற்பவருக்கு என்ன தெரியும்?

பனி மாதம் ஒன்றில், வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாள், பகல் சோற்றுக்குப் பிறகு உம்மா மௌத்தானார். வாப்பாவும் நானாமாரும் முன்னால் வியாபாரத்தில் இருந்தார்கள். மஃரிபுக்கு விளக்கேற்ற உள்ளே போனபோதுதான் கண்டார்கள். தலையணைகள் சரிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்தன என்று உம்மாவின் மையத்தைக் குளிப்பாட்ட வந்த பெண் என்னிடம் சொன்னாள். அதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று அவள் மீதும் கோபம் வந்தது.

மௌத்து வீட்டுக்கு வரிசைப் பெண்கள் எல்லோரும் முன்பக்கமாகத்தான் வந்தார்கள், ஒவ்வொரு ரிக்‌ஷாவாக. எல்லோரும் அழுதார்கள். ஒருத்தியும் சுவரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, என் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமி எதிரே கதிரையில் இருந்தார். கணவரின் கண் கலங்கியிருந்தது. அவர் மனதார வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

"நாலு கட தூரம்தானே புள்ள. இடையில ஒருக்கா ஓடிப் போய்ப் பாத்திருக்கலாமே?"

"எந்த வழியால?" என்று கேட்டேன்.

அவர் தன் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.