ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த நாய்

நாயோடு நடக்கப் போகிறவர்களைப் பார்த்தால் முன்பெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். காலங்கார்த்தாலே ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு, ஒரு நாய் மோந்து முடிக்கிற வரைக்கும் ஒரு மனுசன் குளிரில் நிற்பதா? வேற பொழப்பே இல்லையா இவனுகளுக்கு என்பேன். அப்படிப் பேசின நான்தான் ஐம்பத்திரண்டு வயதில் கையில் சங்கிலியோடு ரோட்டில் நின்றேன்.

நாய் என்னுடையது இல்லை. என் மகளுடையது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பக்கம் மழையில் கிடந்த குட்டியை எடுத்து வந்து, நான் கத்தக் கத்தக் கேட்காமல் வளர்த்தாள். செவலை நிறத்தில் சாதாரண நாட்டு நாய். அவள் கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போனபோது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

நடுவட்டத்தில் பஸ் ஏறும்போது எனக்கு ஒரு புத்திமதி இல்லை, அம்மாவுக்கு ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் நாயைப் பற்றித்தான். "அப்பா, ஒண்ணே ஒண்ணு. நடக்கப் போறப்ப அவன் எங்கயாச்சும் உக்காந்துட்டான்னா இழுக்காதீங்க. பேசாம திரும்பி வந்துருங்க" என்றாள்.

"அதென்ன கூத்து? நாய் உக்காந்தா மனுசன் திரும்பணுமா?"

"அவனுக்குத் தெரியும்பா. போன வருசம் உக்காந்தானே, அடுத்த வளைவுல காட்டெருமை நின்னுச்சே, மறந்துட்டீங்களா? கிறிஸ்துமஸுக்கு நான் வர்றப்ப அவன் கேட்டுல நிக்கணும். உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல நான்."

சரி சரி என்று தலையாட்டி அனுப்பினேன். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு நாயைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் வைத்திருக்க வேண்டும்.

நான் நடுவட்டத்துக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் என்னைப்போல நாயோடு நடக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் பக்குவம் பார்க்கிற டீமேக்கர், இன்னொருவர் எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர். ஏழரைக்கு மூன்று பேரும் கேட்டில் சேருவோம். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற மஸ்டர் ஷெட்டைத் தாண்டி, ஏழாம் நம்பர் காட்டு ஓரமாக நடந்து, பஸ் நிழற்குடை வரைக்கும் போய்த் திரும்புவோம். எங்கள் ஊரில் காடு என்றால் தேயிலைக் காடு. நிஜக் காட்டைச் சோலை என்போம். அந்தச் சோலை ஒரே ஒரு இடத்தில்தான் ரோடு வரைக்கும் இறங்கி வரும். அங்கே ஒரு வளைவு. மேட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர், கீழ்ப்பக்கம் தேயிலை.

டீமேக்கர் வைத்திருந்தது லேப்ரடார், லேப் என்போம். அவர் சொந்தக் காலால் நடந்து நான் பார்த்ததில்லை, இழுபட்டுத்தான் வருவார். பிஸ்கட் கவர், ஆரஞ்சுத் தோல், யாரோ தூக்கிப் போட்ட செருப்பு, எல்லாம் அதற்குச் சாப்பாடு. "விடுறா, துப்புறா" என்று அவர் வாய்க்குள் கைவிட்டு நோண்டுவதே பாதி நடை. டீச்சருடையது பொமரேனியன். பஸ்ஸைப் பார்த்தால் குரைக்கும், கல்லைப் பார்த்தால் குரைக்கும், தன் நிழலைப் பார்த்தும் குரைக்கும். பாதி வழியில் கால் வலிக்கிறது என்று நின்றுவிடும். டீச்சர் அதைச் சால்வைக்குள் போட்டுத் தூக்கிக்கொள்வார். "ஏனுங்க டீச்சர், இது வாக்கிங்கா, தொட்டில் கட்டுற விசேசமா?" என்று நான் கேட்பேன். "உங்க வேலையப் பாருங்க சார்" என்பார்.

எங்களுடையது முன்னாலும் ஓடாது, பின்னாலும் தங்காது. இடது பக்கம் என் முட்டிக்குச் சமமாக வரும். பத்தடிக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கும். இந்த ஆள் இன்னும் இருக்கானா என்று சரிபார்க்கிற மாதிரி. முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு மாதம் போனதும் அது பார்க்காவிட்டால் நான் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அதைப் பிடித்துப் போனது. மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

நாங்கள் கேட்டைச் சாத்துகிற நேரத்துக்குச் சரியாக ஏழாம் நம்பர் பக்கம் ஒரு வெடி வெடிக்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் சூப்பர்வைசர் போடுகிற வெடி. உள்ளே பன்றி, காட்டெருமை, வேறு எது படுத்திருந்தாலும் எழுந்து போகட்டும் என்று. அப்புறம் யாராவது தகரத்தைத் தட்டுவார்கள். பிறகு முப்பது நாற்பது பெண்களின் பேச்சும் ஏச்சும் சிரிப்பும் ரோடு முழுக்கக் கேட்கும். வெடிக்கு லேப் தரையோடு தரையாகப் படுத்துவிடும். டீமேக்கர் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே தூக்கி நிறுத்துவார். எங்களுக்கு அந்த வெடி ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

கொழுந்து குவிகிற சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. நவம்பர் கடைசியில் பனி விழ ஆரம்பித்ததும் கொழுந்து குறைந்தது. வரும் ஞாயிறு முதல் காட்டு வேலை கிடையாது என்று மானேஜர் சொன்னார். நோட்டீஸை நான்தான் டைப் அடித்தேன். மஸ்டர் ஷெட் போர்டில் பசை தடவி ஒட்டினதும் நான்தான்.

அதே வாரத்தில் லைனில் இரண்டு நாய்களைக் காணவில்லை என்று பேச்சு வந்தது. சிறுத்தையாக இருக்கும் என்றார்கள். "லைன் நாய்க்குக் கட்டா காவலா? எங்கயாச்சும் கறிக்கடைப் பக்கம் போயிருக்கும்" என்றார் டீமேக்கர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஞாயிறு காலையில் வெடி கேட்கவில்லை. டீமேக்கருக்கு ஒரே சந்தோசம். "பாத்தீங்களா, என் பையன் இன்னைக்கு ஒரு தடவகூடப் படுக்கல" என்றார். "என்ன அமைதி சார்! தினமும் இப்படி இருக்கக்கூடாதா" என்றார் டீச்சர். உண்மையிலேயே அமைதிதான். எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

வளைவுக்கு இருபதடி முன்னால் எங்கள் நாய் உட்கார்ந்துவிட்டது.

வா என்றேன். வரவில்லை. முன்னங்கால்களை ஊன்றி, காதை மடக்கி, என்னைப் பார்க்காமல் மேட்டையே பார்த்தது. மஞ்சு மூட்டமாக இருக்கிறது, கோயிலுக்கும் நேரமாச்சு என்று மூன்று பேரும் திரும்பிவிட்டோம். மறுநாள் திங்கட்கிழமை அதே வளைவை அது வாலை ஆட்டிக்கொண்டு தாண்டியது. செவ்வாய், புதன், சனி வரைக்கும் ஒரு தகராறும் இல்லை. அடுத்த ஞாயிறு, அதே இடம், மறுபடியும் உட்கார்ந்தது.

டீமேக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். "எஸ்டேட் நாயில்லீங்களா! ஞாயித்துக்கிழமை லீவுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் என் பொண்ணு குடுத்த செல்லம்" என்றேன்.

"யாரை யார் நடத்துறாங்கன்னே தெரியலீங்க" என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் ஃபைலைப் புரட்டும்போதுகூட அந்தப் பேச்சு காதில் கேட்டது. ஒரு நாய்க்குப் பயந்து திரும்புகிற ஆளா நான்? முன்கோபம் எங்கள் வம்சத்துச் சொத்து. என் பங்கு கொஞ்சம் தாராளமாகவே வந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு. முந்தின நாள்தான் என் மனைவி வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியிருந்தாள். மகள் வர இன்னும் ஒன்பது நாள். கிளம்பும்போது நாய் கேட்டிலேயே தயங்கியது. "இன்னைக்கு வேண்டாமே, அதுக்கு மனசில்ல போல" என்றாள் மனைவி. "நீயும் ஆரம்பிச்சிட்டியா" என்று எரிந்து விழுந்துவிட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

பனி அடித்துத் தேயிலை மேலெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஏழாம் நம்பரில் ஒரு குரல் இல்லை. குருவிச் சத்தமும் இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. லேப் அன்றைக்கு இழுக்கவில்லை. டீமேக்கரின் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தது. "பாருங்க, ஒழுங்கா நடக்கப் பழகிட்டான்" என்றார். பொமரேனியன் குரைக்கவே இல்லை. டீச்சரின் சால்வைக்குள் மூக்கு வரைக்கும் பதுங்கியிருந்தது. "குளிருது பாப்பாவுக்கு" என்றார் டீச்சர். மூன்று நாயும் சொல்லிவிட்டது. படித்த மூன்று பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இருபதடி முன்னால், அதே இடத்தில், எங்களுடையது உட்கார்ந்தது.

டீமேக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது எனக்கு. சங்கிலி நுனியை மடக்கி அதன் முதுகில் ஒன்று வைத்தேன். அது கத்தவில்லை. இன்னொன்று வைத்தேன். "சார், சார், பாவம்" என்றார் டீச்சர். "எந்திரி நாயே" என்று கத்தினேன். அது என் முகத்தைப் பார்த்தது. பத்தடிக்கு ஒரு தடவை பார்க்குமே, அதே பார்வை. எழுந்துவிட்டது.

எழுந்து என் இடது பக்கம் வரவில்லை. எனக்கு முன்னால் சுற்றி வலது பக்கம் வந்தது, மேடு இருக்கிற பக்கம். உடம்பை என் காலோடு ஒட்டிக்கொண்டு, வாலை உள்ளே மடக்கி, நடந்தது. அதன் நடுக்கம் என் பேண்டுத் துணி வழியாகத் தெரிந்தது. ஆனாலும் நடந்தது. "இப்ப வருதில்ல? எல்லாம் நாம நடத்துற விதம்" என்று நான் டீமேக்கரிடம் திரும்பிச் சொன்னேன்.

உண்ணிச்செடி அசைந்ததை நான் பார்க்கவில்லை. ஏதோ பெரிய சாக்கு மேட்டிலிருந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். என் கை தோளோடு பிடுங்கிக்கொண்டு போனது. நான் முழங்கால் குத்தி விழுந்தேன். உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு சங்கிலி ஓடியது. மஞ்சளாக ஒன்று ரோட்டைக் குறுக்கே கடந்து தேயிலைக்குள் இறங்கியதை டீச்சர் பார்த்தாராம். நான் பார்த்தது சங்கிலியின் கடைசி முழத்தைத்தான். நாய் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கல் மேலும் தேயிலைத் தூர் மேலும் சங்கிலி தட்டித் தட்டிப் போகிற ஓசை மட்டும் கேட்டது. கொஞ்சம் தள்ளி அதுவும் நின்றது.

நான் காட்டுக்குள் இறங்கப் போனேன். டீமேக்கர் என்னை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். "போகாதீங்க, போகாதீங்க" என்று அழுதார் அந்த மனுசன். லேப் சங்கிலியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் மகள் வழக்கம்போல் போன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. என் மனைவி எடுத்து, சிக்னல் சரியில்லை, நாளைக்குப் பேசு என்று வைத்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வெடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பத்து மணிக்குக் கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்து அம்மா, என்னைவிட மூத்தவள். கையில் எங்கள் சங்கிலி இருந்தது, நுனியில் கழுத்துப் பட்டையோடு. மேஜை மேல் வைக்காமல் என் கையில் கொடுத்தாள்.

"கிளாக்கரய்யா, நேத்து ஏன் அந்தப் பக்கம் போனீங்க? நாங்க இறங்காத நாள்ல அது எங்க ரோடு இல்லீங்களே, அதுங்க ரோடாச்சே. வெடி போடலையே, கேக்கலையா?"

நான் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"லீவுன்னு போர்டுல ஒட்டுனதே நீங்கதானுங்களே ஐயா" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவள் போன பிறகு மஸ்டர் ஷெட்டுக்குப் போய் அந்த போர்டின் முன்னால் நின்றேன். என் ஆபீஸ் சீல், என் இனிஷியல். மூன்று வாரமாக எங்கள் நாய்க்கு அது தெரிந்திருந்தது. எழுதினவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்களின் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் தினமும் நான் கெத்தாக நடந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சாயங்காலம் நானே மகளுக்குப் போன் பண்ணினேன். என்ன சொல்வது என்று மத்தியானம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். திடீரென்று பாய்ந்துவிட்டது, யாராலும் ஒன்றும் பண்ண முடியவில்லை, அப்படியெல்லாம். அவள் ஹலோ சொன்னதும் எல்லாம் போய்விட்டது. சிறுத்தை பிடித்துவிட்டது என்பதை மட்டும் சொன்னேன்.

 அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அழவில்லை.

"அப்பா, அவன் உக்காந்தானா?"

உள்ளங்கைக் கட்டுக்குள் விண் விண் என்று தெறித்தது. வாசலில் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"உக்காந்தாம்மா" என்றேன்.