ரஹமத்துல்லா அறிந்த அயர்லாந்து

ரஹமத்துல்லா மிளகு புடைத்துக்கொண்டிருக்கிறார். ஏற்காடு கடைவீதியில் மிளகும் காப்பித்தூளும் விற்பவர். முறத்தை மட்டும் மனைவி மைமூனிடம் கொடுக்கமாட்டார். "அவ புடைச்சா பாதி மொளகு ரோட்டுல கெடக்குமுங்க." இவர் புடைத்தால் முக்கால்வாசி கிடக்கும். கண் முறத்தில் இருந்தால்தானே? டப்பாவில் சாய்த்துவைத்த கைப்பேசியில் அல்லவா இருக்கிறது.

அறுபது வயதில் சேலத்தைத் தாண்டியது ஒரே முறை, கண் புரைக்காகக் கோவைக்கு. ஆனால் அவருக்குத் தெரியாத நாடு கிடையாது. "ஜெர்மனியில சத்தமாத் தும்முனா கேசுங்க." யார் சொன்னது என்று கேட்டால், "வீடியோவே வந்திருக்குதுங்களே!"

போன ஞாயிறு சேலத்துக் குடும்பம் ஒன்று, "இங்க சாயங்காலமானா கரடி கடைக்குள்ள வருமாமே?" என்று கேட்டது. "முப்பது கிலோமீட்டர்ல இருந்துக்கிட்டு என்ன பேச்சு பேசறாங்க பாருங்க!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்துக் கடைக்காரனான என்னிடம் அயர்லாந்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டில் இப்போது அயர்லாந்துச் சண்டை. மகள் பர்ஹானா அங்கே நர்ஸ். அடுத்த மாதம் பிரசவம், துணைக்கு அம்மா வேண்டும். சென்னை விசா அலுவலகத்தில் நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். மைமூனின் பாஸ்போர்ட் பீரோவில், பீரோச் சாவி இவர் இடுப்பில்.

"நொம்பக் குளிருங்க. பனி ஊட்டுக் கதவையே மூடிக்குமாம். இவ கால்வலிக்காரி, தாங்குவாளா?"

நேற்று பர்ஹானா வீடியோவில் தன் வீட்டுக் கொடியைக் காட்டினாள். துணி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "பாருங்கத்தா, பனி எங்க இருக்குது?" இவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நாம பயந்துக்குவோம்னு புள்ள மறைக்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இன்று மைமூன் கடைக்குள் வந்து கை நீட்டினார்.

"ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சாவியக் குடுங்க."

"மொதல்ல இந்த வீடியோவப் பாரு."

"பெத்த புள்ள நாலு வருசமா அங்க குடித்தனம் பண்றா. அவ சொல்றது பொய்யி, மூஞ்சி தெரியாத எவனோ சொல்றது நெசமா?"

"அவ அங்கயே கெடக்கறா. அவளுக்கு என்ன தெரியும்?"

 மைமூன் தராசுப் பக்கம் கிடந்த இரண்டு கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டார்.

"ஏய், அது எதுக்கு? எங்க போற? மைமூன்!"

மைமூன் திரும்பிப் பார்க்கவில்லை. பீரோ இருக்கும் உள்ளறையைப் பார்த்து நடந்தார்.