தண்ணீர் குடிக்காத நாட்கள்

வெளியே போகும் நாட்களில் ஸைனம்பு தண்ணீர் குடிக்கமாட்டாள். முதல்நாள் இரவு இஷாத் தொழுகையோடு நிறுத்திவிடுவாள். காலையில் தேநீரும் இல்லை. காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுணுக்குப் போய், அலுவலை முடித்துத் திரும்ப ஐந்து மணித்தியாலம் ஆகும். சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை வழியில் ஒன்றுகூட இல்லை. மாற்றுத்திறனாளிகள் சங்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு வயதில் அவளுக்குப் போலியோ. பதினாறு வயதில் ஒரு கைமெஷின் கிடைத்தது. அதில் பள்ளிச் சீருடை தைத்தே மகள் முப்லிஹாவைத் தொழில்நுட்பக் கல்லூரிவரை அனுப்பினாள். ஐம்பத்தாறு வயதில் சிறுநீரகம் பழுதுபட்டது. "தண்ணி குடிக்காததால திரும்பத் திரும்பக் கிருமி தொத்தியிரிக்கி. இன்னொருக்கா வந்தா மிச்சம் இரிக்கிறதும் போயிரும்" என்றார் டாக்டர். கிளினிக் கொப்பியில் 'நாளொன்றுக்கு இரண்டு லீற்றர்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் குடிக்கவில்லை.

வாவிக் கரையோரத்து அரச அலுவலகம் ஒன்றைத் திருத்திக் கட்டப்போகிறார்கள். கழிப்பறை மாடியில். வாசலில் ஏழு படிகள். புதிய வரைபடத்திலும் அதே ஏழு படிகள்தான். பன்னிரண்டு மணிக்கு முடியும் கூட்டத்தில் அது அங்கீகாரம் பெற்றுவிட்டால் இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஒரு படி பதினெட்டு சென்டிமீட்டர், சாய்தளத்துக்குப் பதினைந்து மீட்டர் வேண்டும் என்று முப்லிஹா கணக்குப் பார்த்து, சாய்தளமும் கீழே ஒரு கழிப்பறையும் கேட்டுச் சங்கம் எழுதிய மனுவின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்திருந்தாள்.

இரண்டு வேன்களில் சங்கத்தார் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டும் சக்கர நாற்காலிகள்.

"இண்டைக்கும் நோன்போ தங்கச்சி?" கரடியனாற்று நல்லரத்தினம் கேட்டார். வயலில் கண்ணிவெடியில் இரண்டு காலையும் இழந்தவர்.

"உங்களுக்கென்ன, ஆம்புள. ஒரு மதில் போதும்."

அலுவலகத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். பின்னால் இருபது பொலிஸ். சார்ஜன்ட் ஒருவர் கடதாசியைப் பார்த்து வாசித்தார். ஊர்வலத்துக்கு நீதிமன்றத் தடையாம். பொதுமக்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சலாம்.

"ரெண்டு பேர் மட்டும் நடந்து போய்க் குடுத்திட்டு வாங்க" என்றார் கடைசியில்.

"நடக்கிற ரெண்டு பேரத்தான் ஐயா நாங்களும் தேடுறம்" என்றார் நல்லரத்தினம். தடுப்புக்குப் பின்னால் நின்ற பெண் பொலிஸ் ஒருத்தி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினாள். சார்ஜன்ட் சிரிக்கவில்லை.

"அப்ப என்னட்டத் தாங்க. நான் குடுக்கிறன்."

"போன வருசமும் அப்பிடித்தான் குடுத்த" என்றாள் ஸைனம்பு. "அந்தக் கடதாசி இன்னும் போய்ச் சேரல்ல."

பத்தேகால். பத்தே முக்கால். தாரிலிருந்து சூடு எழும்பி நாற்காலியின் இரும்பில் ஏறியது. அடிவயிற்றில் வலி தொடங்கிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இது எந்த வலி என்று அவளுக்குத் தெரியும். மாசியிலும் இப்படித்தான் தொடங்கியது. எட்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடத்தியது.

போன் அடித்தது. மகள்.

"உம்மா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சன் மகள்."

"உண்மையா?"

"வெச்சிரு, ஐயாமார் பேசிட்டிரிக்காங்க."

பதினொன்று இருபதுக்கு அந்தப் பெண் பொலிஸ் ஒரு போத்தல் தண்ணீரைத் தடுப்புக்கு மேலால் நீட்டினாள். ஸைனம்பு கையை அசைத்து மறுத்தாள்.

"பொலிஸ் தந்தா குடிக்கமாட்டீங்களோ?" சார்ஜன்ட் கேட்டார்.

ஸைனம்பு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, குடிச்சா நான் எங்க போறது?"

அவருக்கு விளங்கவில்லை. "ஒஃபிசில பாத்ரூம் இரிக்கிதானே."

"எத்தின படி ஏறணும் ஐயா?"

சார்ஜன்ட் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் போத்தலை வாங்கினாள். ஒரு லீற்றர். இடையில் இரண்டு தரம் மூச்சு வாங்கி முழுவதையும் குடித்தாள்.

"தங்கச்சி, என்ன விசர் வேல இது?" நல்லரத்தினம் பதறினார்.

"ஐயா, அரை மணித்தியாலத்தில எனக்குப் போகணும். எங்க போறெண்டு உங்கட பெரியவங்கள்ட்டக் கேளுங்க. கூட்டத்திலயும் கேக்கச் சொல்லுங்க."

சார்ஜன்ட் ஒதுங்கிப் போய் வோக்கிடோக்கியில் பேசினார். இரண்டு முறை பேசினார். திரும்பி வந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார்.

"ஆம்புளயளா?"

"வேற ஆர் தூக்கிற?"

"வேணாம் ஐயா."

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அது நடந்தது. நாற்காலியின் கீழே தாரில் ஒரு ஈரம் படர்ந்து சாய்வைத் தேடி ஓடியது. பெண் பொலிஸ் தடுப்பைச் சுற்றி வந்து, ஸைனம்புக்கு முதுகைக் காட்டி மறைப்பாக நின்றாள். ஸைனம்பு மடியிலிருந்த மனுவை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு பத்துக்கு ஓர் உத்தியோகத்தர் இறங்கி வந்தார். ஈரத்தைக் கண்டு தூரத்திலேயே நின்றார்.

"கிட்ட வாங்க சேர். எனக்கு எட்டாது."

வந்தார். வாங்கினார்.

"கூட்டம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சி. பொலிசில இருந்து பாத்ரூம் கேட்டு மெசேஜ் வந்து, ஒரே சத்தம். பிளான அடுத்த மாசக் கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டாச்சு. பதினாலாம் திகதி."

"வாங்கினெண்டு சைன் வெச்சித் தாங்க. நேரத்தையும் எழுதுங்க."

வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. மாதம் முடியுமுன் ஸைனம்பு போய்விட்டாள். அந்த ஒரு லீற்றர் பிந்திவிட்டது என்றார் டாக்டர். பல வருடங்கள் பிந்திவிட்டது என்பதுதான் சரி.

பதினாலாம் திகதி பதினொரு பேரும் போனார்கள். அன்று தடுப்பை இன்னும் நூறு மீட்டர் தள்ளி, தெருமுனையிலேயே போட்டிருந்தார்கள். நல்லரத்தினம் முன்னால் உருட்டிக்கொண்டு போனார். எல்லோர் மடியிலும் ஒவ்வொரு போத்தல் தண்ணீர், மூடி திறக்காமல். சார்ஜன்ட் கடதாசியை விரிக்காமல் வோக்கியைக் கையில் எடுத்தார்.