அறுபத்தைந்து வருடத்து வெளிச்சம்

“இங்க அறுபத்தஞ்சு வயசு யாருக்காவது ஆகுதா? வெக்கப்படாம கையைத் தூக்குங்க.”

மூன்று மணிக் காட்சிக்கு விளக்கை அணைக்கும் முன் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கோளரங்கத்தில் முப்பது வருடமாக வானத்தைக் காட்டி விளக்கம் சொல்பவர். ஓய்வு கொடுத்த பிறகும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். யாராவது தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினால் போதும், மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. கூரையில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் ரோகிணி நட்சத்திரத்தின் மேல் விளக்கு அம்பைக் கொண்டுபோய் நிறுத்துவார். “ஐயா, நீங்க பொறந்த வருஷம் அங்கேருந்து கிளம்பின வெளிச்சம் இப்பத்தான் இங்க வந்து சேருது. வெளிய நிஜ வானத்துல ஒரு தடவை பார்த்துடுங்க.”

நான் அங்கே போவது வானவியல் ஆர்வத்தால் அல்ல, வெயிலுக்கு ஒதுங்க. எங்கள் குடியிருப்பில் அவர் வீடு என் வீட்டுக்கு எதிர்வீடு என்பதால் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

ரோகிணியைப் பற்றி அவர் பேசுவது சம்பந்தி வீட்டு வம்பு பேசுவது போலிருக்கும். “சூரியனை மாதிரி நாப்பத்துநாலு மடங்கு அகலம். எடை பார்த்தா சூரியனை விடக் கொஞ்சம்தான் கூட. எல்லாம் ஊதிப்போன உடம்பு. உள்ள எரிய வேண்டியது எரிஞ்சதும் பெருத்துடுச்சு, மேல சூடும் குறைஞ்சு போச்சு. என் கதையேதான்” என்று வயிற்றைத் தட்டிக்கொள்வார். அரபியர் அதற்குப் ‘பின்தொடர்வது’ என்று பெயர் வைத்ததும் வரும். கார்த்திகைக் கூட்டம் முன்னே போக, இது வானம் முழுக்க அதன் பின்னாலேயே போகிறதாம். “எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. ஆனா விடாது.”

ஆள் படு கறார். ஒருமுறை திருவாதிரையைக் காட்டி ரோகிணி என்று சொன்ன பள்ளி ஆசிரியை ஒருவரை, பிள்ளைகள் முன்னாலேயே மைக்கில் திருத்தினார். அந்த அம்மாள் அப்புறம் பிள்ளைகளை அழைத்து வரவே இல்லை. இந்தக் கறார்தான் அவர் வீட்டுக்குள்ளும் வினையானது.

அவர் மனைவிக்கு ரோகிணியை நிஜ வானத்தில் பார்க்க ஆசை. ஒரு படிக்கட்டு ஏறினால் மொட்டைமாடி. கேட்கும்போதெல்லாம், “அவசரப்படாதே. உனக்கு அறுபத்தஞ்சு ஆகட்டும். நீ பொறந்த வருஷத்து வெளிச்சத்தையே காட்டறேன்” என்று சொல்லி இருபது வருடத்தைக் கடத்திவிட்டார். அறுபத்து மூன்றில் அந்த அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. வலி இல்லாமல் வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது நரம்பு பட்டுப்போயிருந்தது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

“போனது போனதுதான்னுட்டாங்க டாக்டருங்க” என்று படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னார். “எனக்குப் புத்தி எங்க போச்சு சார்? எந்த வருஷத்து வெளிச்சமா இருந்தா என்ன? கண்ணு இருக்கும்போது காட்டித் தொலைச்சிருக்கணும்.” எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

போன மாதம் அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து நிறைந்தது. மூன்று மணிக் காட்சிக்குக் கைபிடித்து அழைத்துவந்து, வானத்தை ஓட்டும் எந்திரத்துக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். நான் அடுத்த இருக்கையில். வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா கையைத் தூக்கினார். விளக்கு அணைந்து, அம்பு ரோகிணியில் போய் நின்றது.

“தெரியுதா?” என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

“தெரியாம என்னங்க? அதோ, அழகா இருக்கே” என்று அம்மா விரலை நீட்டினார். விரல் நீண்ட இடத்தில் வெறும் இருட்டு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் அம்பை அணைத்தார். மனைவியின் தோளருகே குனிந்து, நீட்டிய கைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு எந்திரத்தின் திருகுகளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். வானம் மொத்தமும் சரிந்தது. அந்த விரலுக்கு நேரே ரோகிணி வந்து சேர்ந்ததும் கையை எடுத்தார்.