ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்

மார்க்கெட் ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால் அண்ணன் நேற்று என்னை வழிமறித்தார். துணி அளந்துகொண்டிருந்தவர், வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல அந்த எஃப்4 விஷயம் எழுதியிருந்தீங்கல்ல... நல்லா வேலை செய்யுது லா. இந்த வாரம் என்ன டிப்ஸ்?"

நான் அவரை அண்ணன் என்கிறேன். அவர் என்னை அக்கா என்கிறார். இத்தனை வருடங்களில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது.

"எழுதுறேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். எழுதியும் வைத்திருந்தேன். எழுதியதை அழித்தும் விட்டேன். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் அலுவலகக் கம்ப்யூட்டர் குறுக்குவழிகளைப் பார்த்து வருகிறோம், இல்லையா? கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். மவுஸைத் தொடாமலே வேலையை முடிப்பேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கன்ட்ரோலோடு அரைப்புள்ளியைத் தட்டினால் எக்செல்லில் இன்றைய தேதி தானே வந்து உட்காரும். வேர்டில் அந்தச் சின்ன பிரஷ் படத்தை இரண்டு முறை க்ளிக் செய்தால், ஒரு பத்தியின் அலங்காரத்தை எத்தனை பத்திக்கு வேண்டுமானாலும் பூசிக்கொண்டே போகலாம். இதெல்லாம் சொல்லியாயிற்று.

இந்த வாரத்துக்கு நான் எழுதி வைத்திருந்தது 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்'. பட்டியலில் ஒரே விஷயம் இரண்டு, மூன்று முறை வந்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும் பொத்தான். அரை நாள் வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்...

முடிந்துதான் விட்டது, எங்கள் கத்தோலிக்கக் கோவிலில்.

கல்லறைத் திருநாள் அன்று மாலைப் பூசையில், அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பது எங்கள் பங்கில் வழக்கம். ஒரு பெயர் வாசித்ததும் அந்த வீட்டார் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள். பெயர்களை வாசிப்பது நான். பட்டியலைத் தயாரிப்பது பங்கு அலுவலகத்தில் வேலை செய்யும் பிலோமினா. என் வயதுக்காரி, பள்ளியிலிருந்தே சிநேகிதி.

போன ஆண்டு ஒரு தர்மசங்கடம் நடந்தது. ஓர் அம்மாவின் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கமாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில், ஒருவர் சீட்டெழுதிப் பெட்டியில், ஒருவர் நேரில். மூன்று முறையும் நான் வாசிக்க, மூன்று குடும்பமும் தனித்தனியே போய் ஏற்ற, பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பிலோமினாவிடம்தான் கோபித்துக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு அவள் ஜாக்கிரதையாக இருந்தாள். எல்லாப் பெயர்களையும் எக்செல்லில் ஏற்றினாள். அகர வரிசையில் அடுக்கினாள். ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போட்டாள். எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று அது கேட்கும் அல்லவா? பெயரையும் தகப்பனார் பெயரையும் மட்டும் டிக் செய்தாள். தேதியைச் சேர்த்தால் வேலைக்காகாது. ஒரு பிள்ளை இறந்த தேதி எழுதும், இன்னொரு பிள்ளை அடக்கம் செய்த தேதி எழுதும். யோசித்துத்தான் செய்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இத்தனை நகல்களை நீக்கிவிட்டேன் என்று அந்த சாஃப்ட்வேர் ஒரு எண்ணைச் சொல்லும். யார் யாரை நீக்கினேன் என்று சொல்லாது. பிலோமினா ஓகே அழுத்தினாள்.

பூசையில் நான் வாசித்துக்கொண்டே வந்தேன். "சூசை, தகப்பனார் பெயர் அருளப்பன்" என்றேன். முன்வரிசையிலிருந்து வயதான ஓர் அம்மா எழுந்து போனார். பெரியவர் சூசையின் மனைவி. எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பம். பெரியவர் வருடத் தொடக்கத்தில் சிறுநீரகம் பழுதாகி இறந்துபோனார். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு அந்த அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த மருமகள் விமலா, கையில் இன்னொரு மெழுகுவர்த்தியோடு பாதி எழுந்தாள்.

நான் அடுத்த பெயரை வாசித்தேன். "செபஸ்தியம்மாள்..."

விமலா என்னைப் பார்த்தாள். பாதி எழுந்தவள் உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. செபஸ்தியம்மாளின் வீட்டார் அவளை ஒதுங்கச் சொல்லித் தாண்டிப் போனார்கள். ஏதோ தவறு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தாளில் இருப்பதைத் தவிர வேறு எதை வாசிப்பேன்? அடுத்த பெயருக்குப் போனேன்.

பூசை முடிந்து தாளைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். பிலோமினா கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னாலேயே விமலா வந்தாள். கையில் அந்த ஏற்றாத மெழுகுவர்த்தி.

"அக்கா, எம்மவன் பேரு வரலையே."

"மவன் பேரு என்னம்மா?" என்றாள் பிலோமினா.

"சூசை."

"வந்துச்சேம்மா. அத்தைதான் போய்க் கொளுத்துனாங்களே."

"அது மாமா" என்றாள் விமலா.

நம் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது உங்களுக்குத் தெரியாததா? பெரியவர் சூசையின் அப்பா பெயர் அருளப்பன். அதனால் அவர் தன் மூத்த மகனுக்கு அருளப்பன் என்று வைத்தார். அந்த மகன்தான் விமலாவின் கணவர், கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார்; வீடும் அங்கேதான். பெரியவர் இறந்த சில மாதங்களில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குறைமாதம். பிழைக்குமா என்று தெரியாத நிலையில் ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். என்ன பெயர் வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. தாத்தா திரும்பி வந்திருக்கிறார் என்றார்கள். சூசை என்று வைத்தார்கள்.

அவனும் தங்கவில்லை.

தாத்தா சூசை, தகப்பனார் அருளப்பன். பேரன் சூசை, தகப்பனார் அருளப்பன். எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, அந்தப் பொத்தான் தன் வேலையைச் சரியாகத்தான் முடித்திருக்கிறது.

பிலோமினா பட்டியலைத் திறந்தாள். மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து விமலாவின் வாட்ஸ்அப்பைத் தேடினாள். அங்கே இரண்டு பெயர்களும் இருந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக.

இதற்குள் மாமியாரும் வாசலுக்கு வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் மருமகளின் தோளைத் தொட்டார்.

"விடும்மா. மாமா பேரு வந்துச்சுல்ல. ஒரே பேருதானே, அவனுக்கும் சேர்ந்துதான் போயிருக்கும். வா, அருளு கெரேத்தாவுல காத்துக்கிட்டு இருக்கான்."

அந்த அம்மா கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரே வருடத்தில் புருஷனையும் பேரனையும் பறிகொடுத்தவர். இரண்டு துக்கத்தையும் தனித்தனியாகத் தூக்க அவருக்குத் தெம்பில்லை, ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டார். மகனோ கோவிலுக்குள்ளேயே வராமல் காரில் உட்கார்ந்திருக்கிறார். அவரவருக்குத் தெரிந்த வழி.

விமலா நகரவில்லை.

"பேரு ஒன்னுதான் அத்தை. ஆளு வேற."

அவளே தொடர்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவன் பேரை யாருமே சொல்றதில்லக்கா. வீட்டுல சூசைன்னா மாமாதான். ஆஸ்பத்திரியில கையில கட்டுன பட்டையில கூட 'விமலா குழந்தை'ன்னுதான் போட்டிருந்துச்சு. பாக்க வர்றவங்களும் அடுத்தது பொறக்கும், கவலைப்படாதேங்கிறாங்க. கோவில்ல, மைக்குல, எல்லாரு முன்னாடியும் ஒரு தடவை அவன் பேரைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா அழ ஆரம்பித்தாள்.

"நான்தாம்மா எடுத்துட்டேன். தெரியாம எடுத்துட்டேன்."

ஒரு கைக்குழந்தையை இதைவிட மோசமாக யாரும் தொலைக்க முடியாது என்பதைப்போல அழுதாள். கடைசியில் விமலாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லக்கா" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு என்ன தலையெழுத்து?

நவம்பர் முழுக்க ஞாயிறுதோறும் அதே பட்டியலை வாசிப்போம். அடுத்த ஞாயிறு தப்பாமல் வர வேண்டும் என்று பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே உட்கார்ந்தாள். பெரியவர் பெயருக்குக் கீழே ஒரு வரி நுழைத்துச் சின்னவன் பெயரைத் தட்டினாள். உடனே இன்னொரு பயம் வந்தது அவளுக்கு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நாளைக்கு வேறு யாராவது பார்த்துவிட்டு, தவறுதலாக இரண்டு முறை வந்திருக்கிறது என்று ஒன்றை எடுத்துவிட்டால்?

பெயருக்குப் பக்கத்திலேயே வயதைச் சேர்த்துவிடலாம் என்றேன் நான். பெரியவருக்கு எழுபத்தொன்று என்று போட்டாள். அடுத்த வரியில் கை தானாகப் பூஜ்யத்தைத் தட்டியது. பார்த்தாள். அழித்தாள்.

"தம்பிக்கு என்னம்மா போடட்டும்?"

விமலா திரையின் பக்கம் குனிந்தாள்.

"பால் குடிக்கிற வயசுன்னு போடுங்கக்கா. எம்பாலைத்தான் குடிச்சான். என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவன் இங்க ஆஸ்பத்திரியில. நான் எடுத்து வைப்பேன், அவரு வேலைக்குப் போறதுக்கு முன்ன பெர்ரியில கொண்டாந்து குடுத்துட்டுப் போவாரு. டியூப்லதான் குடிச்சான். ஆனா குடிச்சான்."

வாசலில் நின்ற மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிலோமினா அந்த வார்த்தைகளை அப்படியே தட்டி, சேவ் செய்தாள்.

குறுக்குவழிகளை நான் குறை சொல்லவில்லை. ஜமால் அண்ணன் எஃப்4ஐத் தாராளமாகத் தட்டலாம். துணிக்கும் சரக்குக்கும் அது நல்லதுதான். ஆனால் மனிதர்களின் பெயர்கள் இருக்கும் பட்டியலில் எதையாவது நீக்குமுன், நீக்கப்போவதைத் தயவுசெய்து கண்ணால் ஒரு முறை பாருங்கள். ரிமூவை அழுத்தாமல், முதலில் ஒரே மாதிரி வருபவற்றுக்கு வண்ணம் மட்டும் பூசச் சொல்லிப் பாருங்கள். எக்செல்லில் அந்த வசதியும் இருக்கிறது. கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டுமே, அந்த நேரத்தை மிச்சம் பிடித்து நாம் என்ன சாதிக்கப்போகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை மைக்குக்கு முன்னால் நின்றேன். பெரியவர் பெயரை வாசித்தேன். மாமியார் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

"சூசை, தகப்பனார் பெயர் அருளப்பன். பால் குடிக்கிற வயது."

கோவிலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. விமலா எழுந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அருளப்பனும் எழுந்தார் – அன்று அவர் உள்ளே வந்திருந்தார். இருவரும் மெதுவாக நடந்தார்கள். மெழுகுவர்த்தியில் தீ பிடிக்க நேரமானது. பிடித்த பிறகும் அவர்களுக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை.

அவர்கள் திரும்பி வந்து உட்காரும்வரை நான் அடுத்த பெயரை வாசிக்கவில்லை.