கமிட்டியார் போட்டுக்கொண்ட மஞ்சள் பனியன்

1. சேர்ந்த நாள்

கப்பல் துறையான வெல்டு கீயில் சரக்குக் கணக்குப் பார்க்கும் டாலி கிளார்க்காக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பெரிய கிளார்க் சவரிமுத்துப் பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “தம்பி, உனக்கு இஸ்திரி போடத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அந்த நிமிஷமே எங்கள் கால்பந்து கிளப்பின் உதவிக் காரியதரிசி ஆகிவிட்டேன். பிள்ளை அவர்கள் ஆபீசில் எனக்கு மேலதிகாரி, கிளப்பில் தலைவர். கிளப்புக்கு அவரே வைத்த நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. அதை மூச்சு விடாமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஜாதி. பந்தை அவர் உதைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கிளப் எந்த லீக்கிலும் இல்லை. சேர்த்துக்கொள்ள ஆளில்லை என்பதே உண்மை. கமிட்டியார் மட்டும், “நாங்கதான் சேரல” என்று சொல்லிக்கொள்வார்கள். மற்றக் கிளப்புகளோடு திடலில் சிநேக மேட்ச் ஆடுவோம். ஆடுகிறவர்கள் தொங்கான் என்னும் சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் நாள் கூலிகள். கமிட்டியில் இருந்தவர்கள் கிளார்க்குகளும் கடைக்காரர்களும். ஆட்டத்துக்குப் பதினொருவர் சேர்வது கஷ்டம். கமிட்டிக் கூட்டத்துக்கோ நாற்காலி போதாது.

2. துரை வந்த மேட்ச்

இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெப்ட் அவுட், காதர். வெறுங்காலால் அவன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினால் எதிராளி திரும்புவதற்குள் கோல் விழுந்துவிடும். அந்தக் காலத்தில் பெரிய ஆபீஸ்கள் தங்கள் டீமுக்கு இப்படித்தான் ஆள் பிடித்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு நிரந்தர வேலை, இருக்க ஒரு குவார்ட்டர்ஸ். ஓர் ஆபீசின் வெள்ளைக்காரத் துரை காதரைப் பற்றிக் கேள்விப்பட்டு, “அந்த லெப்ட் அவுட்டை வந்து பார்க்கிறேன்” என்று சொல்லியனுப்பியிருந்தார்.

காதரின் மனைவி கல்யாணம் ஆனதிலிருந்து நாகூரிலேயே இருந்தாள். கூலிகள் படுக்கும் கொட்டகைக்கு அவளைக் கூட்டிவர முடியாது. “குவாட்டஸ் கெடைச்சா அடுத்த கப்பல்லயே வரச் சொல்லிருவேண்ணே” என்று மேட்சுக்கு முன்னால் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

துரை வருகிறார் என்றதும் கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக மஞ்சள் பனியன் தைத்தார்கள். மேட்சுக்கு முன் ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்க, துரை கைகுலுக்குவதாக ஏற்பாடு. அங்கேதான் பிள்ளை அவர்களுக்கு ஒரு யோசனை உதித்தது.

“தொரை கைகுலுக்குறப்ப மூட்டை தூக்குறவன் நின்னா நல்லாவா இருக்கும்? அந்த நேரத்துக்கு மட்டும் நாம போட்டுக்குவோம். அப்புறம் கழட்டிக் குடுத்தாப் போச்சு.”

“அவரு காதரைப் பாக்கத்தானே வர்றாரு, ஐயா?” என்றேன்.

“ஆட்டத்துல பாக்கட்டும் லா” என்றார், அந்த ஊர் வழக்கப்படி ‘லா’ சேர்த்து.

இருந்தது பதினொரு பனியன். அதற்குக் கமிட்டியார் அடித்துக்கொண்டதைப் பார்த்திருந்தால், இவர்களையே ஆட விட்டிருக்கலாமே என்று தோன்றியிருக்கும். கிடைக்காதவர்கள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆட்டக்காரர்கள் திடல் ஓரக் கொட்டகைக்குப் பின்னால் வெற்றுடம்போடு காத்திருந்தார்கள்.

துரை வந்தார், எல்லோருக்கும் கைகுலுக்கினார். வரிசைக் கடைசிக்கு வந்ததும் அரைகுறை மலாயில் கேட்டார்: “மானா லெப்ட் அவுட்?”

எங்கே என்று கேட்கிறார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரவல் பனியனில் நிற்கிறோம் என்று ஒப்புக்கொள்ளப் பிள்ளை அவர்களின் மானம் இடம் தரவில்லை. பக்கத்தில் நின்ற தன் மைத்துனரும் கிளப்பின் பொருளாளருமான ஞானப்பிரகாசத்தைக் காட்டி, “திஸ் மேன், சார்” என்றார். ஞானப்பிரகாசம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு சலாம் வைத்தார்.

துரை அந்தத் தொப்பையைப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கமிட்டியார் பனியனைக் கழற்றி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஞானப்பிரகாசத்தின் வியர்வையில் நனைந்த பனியனோடு காதர் இறங்கினான். அன்று இரண்டு கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் துரையின் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அது காலியாகவே கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் நேரே தலைவரிடம் வந்தான். “ஐயா, தொரை எங்க?”

“அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்பா. எல்லாருக்கும் கை குடுத்துட்டுத்தான் போனாரு.”

“எனக்குக் குடுக்கலையே?”

“கிளப்புக்குக் குடுத்தா உனக்குக் குடுத்த மாதிரிதான் லா.”

மறுநாள் காதர் அந்த ஆபீசுக்கே போனான். வாசலில் இருந்த பியூன், “அந்த லெப்ட் அவுட்டைத் தொரை பாத்துட்டாரு. ஆளு சரியில்லைன்னுட்டாரு” என்று திருப்பி அனுப்பினான். நடந்ததைக் காதரிடம் சொல்லிவிட்டு, துரையிடம் போய் விளக்கச் சொல்லிப் பிள்ளை அவர்களிடம் நான் கேட்டேன். “போய்ச் சொன்னா என்னைப் பத்தி அவரு என்ன நெனைப்பாரு?” என்றார். ஒருவன் பிழைப்பு போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

3. மாலை

காதர் அதன்பின் எங்களுக்கு ஆடவில்லை. கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாம் பக்கம் போனான். அங்கே ஒரு கம்பெனி டீமில் அவனை ஆட விட்டுப் பார்த்து வேலை கொடுத்தார்கள், வீடும் கொடுத்தார்கள். மனைவி கப்பலேறி வந்து சேர்ந்தாள் என்று கேட்டு அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுவருஷம் அந்த டீம் எங்களோடு ஆட வந்தது. எங்களுக்கு விழுந்த கோல்களை எண்ணவே வெட்கமாக இருந்தது. பெரும்பாலும் காதர் போட்டவை. ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், பிள்ளை அவர்கள் ரோஜா மாலையோடு திடலுக்குள் ஓடினார். “நம்ம கிளப்பு வளத்த புள்ள” என்று எதிர் டீமாரிடம் சொல்லிக்கொண்டே மாலையை உயர்த்தினார்.

காதர் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“ஒங்க லெப்ட் அவுட்டு அந்தா நிக்கிறாரு, ஐயா. அவருக்குப் போடுங்க.”

எல்லோரும் ஞானப்பிரகாசத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழுத்தை நீட்டினார்.

கிளப் அதற்குப் பிறகும் சில வருஷம் நடந்தது. ஆட ஆள் வருவது நின்றுபோயிற்று, கமிட்டி மட்டும் தவறாமல் கூடியது. இன்று கிளப் தொடங்க ஆசைப்படும் தம்பிகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல இவ்வளவுதான் உண்டு: கமிட்டிக்கு நாற்காலி கொடுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். பனியனை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள்.